அளவு முப்பத்தெட்டு

காரைக்கால்மேடு
2 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அனுப்பிய படத்தில் எல்லோரும் பனியைப் பார்த்தார்கள். நான் உன் கையுறையைப் பார்த்தேன். மணிக்கட்டு ஓரத்தில் நீலக் கோடு போட்ட பால் கவர் துருத்திக்கொண்டிருந்தது. கையுறைக்குள் பால் கவரைச் சுற்றிக்கொண்டுதான் பைக் ஓட்டுகிறாயா?

அம்மா கவனிக்கவில்லை. "பாருங்கடி, எம்புள்ள கைலாசத்துக்கே போயிட்டான்" என்று போனைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது இதைக் கேட்கலாம் என்றிருந்தேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பக்கத்து வீட்டிலிருந்தும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும்.

தாமரைச்செல்வி அக்காவின் தையல் கடையில் வேலை நிறைய இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று ஜாக்கெட் நானே வெட்டித் தைக்கிறேன். வாடிக்கைக்காரர்களிடம் பேசுவது அக்காதான்.

பொங்கலுக்கு வருவேன் என்றாயே, வருகிறாயா? உன் நீலச் சட்டையைத் துவைத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கை எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

உன் தங்கை,
வினிதா


லே, லடாக்
9 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி வினிதாவுக்கு,

கண்ணா உனக்கு, கழுகா? பால் கவர்தான். காற்று உள்ளே வராமல் இருக்க இங்கே பலரும் செய்வது.

மறைக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிடாதே. செல்போன் டவருக்கு டவர் ஜெனரேட்டர் பார்க்க ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் பைக்கில் போகிறேன். சாலையில் பனியை ஒதுக்கிவிடுகிறார்கள், காற்றை யார் ஒதுக்குவது? இறங்கிய பிறகும் இடது கையில் இரண்டு விரல் ஒரு மணி நேரம் எனக்குச் சொந்தமில்லை. போன வாரம் கிளட்ச் பிடிக்க முடியாமல் வண்டியோடு சாய்ந்தேன். அடி ஒன்றும் இல்லை.

கரண்ட்டில் சூடாகும் உடுப்பு இருக்கிறது. அதில் எதை வாங்குவது என்றுதான் குழப்பம். கையுறை வாங்கினால் அதிலேயே பேட்டரி, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உள்சட்டை மாதிரி, கை இல்லாமல் ஒன்று வருகிறது. அதைப் பைக் பேட்டரியில் செருகிக்கொண்டால் வண்டி ஓடும்வரை சூடு இருக்கும். கையுறையையும் வண்டியிலேயே செருகலாம், ஆனால் ஹெட்லைட்டோடு இரண்டுக்கும் என் வண்டி தாங்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஸ்டான்சின் என்று இந்த ஊர்க்காரன் ஒருவன் கூட வேலை பார்க்கிறான், உள்சட்டையைத்தான் வாங்கச் சொல்கிறான். நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு தன் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். விரலுக்கு மிச்சம் வராதாம். நெஞ்சைச் சூடாக வைத்தால் விரல் தானாகப் பிழைக்கும் என்கிறான். அதையே வாங்கப்போகிறேன்.

அதை விற்பவர்கள் இங்கே அனுப்பமாட்டார்களாம். வீட்டு முகவரிக்கு வரச் சொல்கிறேன். நீ தையலைப் பார்த்து எனக்கு அனுப்பு. அளவு என்ன போடுவது? கரண்ட்டுக்கு நான், துணிக்கு நீ. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிடு.

குளிர்காலத்தில் வேலையை விட்டுப் போகிறவனை இந்தக் கம்பெனி மறுபடி சேர்ப்பதில்லை. மார்ச் வரை தாங்கிவிட்டால் நிரந்தரம் ஆகிவிடும். அதனால் பொங்கலுக்கு வர முடியாது.

அண்ணன்,
சிலம்பரசன்


காரைக்கால்மேடு
26 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உள்சட்டை நேற்று வந்தது. தையல் நன்றாக இருக்கிறது, நூல் எங்கேயும் தொங்கவில்லை. கூட ஒரு சின்னப் பெட்டி, அதில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான். அப்பா கடலிலிருந்து வந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சட்டையா, மீன் பிடிக்கிற மிஷினா?" என்றார்.

அம்மா இரண்டு விஷயம் எழுதச் சொன்னாள். கரண்ட் உடம்பில் படக்கூடாதாம், ஸ்வெட்டருக்கு மேலேதான் போட வேண்டுமாம். அன்றைக்குப் போனில் "எக்ஸ்எல்லே சொல்லுப்பா, வளர்ற புள்ள, நாலு வருசத்துக்கு வரும்" என்றாளே, அது சரிதான் என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டுமாம். பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து அவள் உனக்கு அளவாக எதுவும் எடுத்ததில்லை. உனக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது என்று அவளிடம் யார் சொல்வது.

கருவாடு தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். துணியில் வாடை ஏறாது.

வினிதா


லே
10 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பார்சல் வந்தது. கருவாட்டைச் சுட்டதும் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டான்சின் வெளியே குளிரில் போய் நின்றான்.

உள்சட்டைதான் எனக்கு ஒத்துவரவில்லை. வண்டியில் சாயும்போது முதுகில் ஓரிடம் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி சுடுகிறது, நெஞ்சில் ஒன்றும் இல்லை. இடுப்புப் பக்கமாகக் காற்று ஏறி உள்ளே ஊதிவிடுகிறது. ஸ்வெட்டருக்கு மேலேதான் போடுகிறேன். விரல் அப்படியே இருக்கிறது. நேற்று ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது, விழுந்த சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது.

ஜனவரி முதல் வாரம் வரை பார்ப்பேன். முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். வந்தால் திரும்ப இந்த வேலை இல்லை. அம்மாவிடம் இப்போது சொல்லாதே. நீலச் சட்டை ஆணியிலேயே இருக்கட்டும்.

அண்ணன்


காரைக்கால்மேடு
20 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த உள்சட்டையில் குறை எதுவும் இல்லை. அளவுதான் தப்பு. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

நீயே அளவு பார்த்து எடுத்த நீலச் சட்டையை அளந்தால் உன் மார்பு முப்பத்தெட்டு. வந்தது நாற்பத்து நான்கு. ஒட்டிக் கிடந்தால்தானே சூடு உடம்புக்கு வரும்? ஜாக்கெட் தைக்கிற எனக்கு இது தெரியாதா? அன்றைக்கு அம்மா எக்ஸ்எல் என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "எம்" என்று ஒரு எழுத்து. சொல்லவில்லை.

அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பாதிதான். பொங்கலுக்கு வரமாட்டேன் என்று நீ எழுதிய கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. உன்னால் அங்கே முடியாமல் போனால் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்று நான் பள்ளிக்கூடம் போகாமல் நின்றபோது, டி.சி. வாங்கக்கூட நீதான் போய்ப் பேசினாய். பஸ்ஸில் டிக்கெட் கேட்டதும் நீதான். நீ போன பிறகு நான் தலத்தெருவில் இருக்கும் அக்கா கடைக்குச் சைக்கிளில் போகிறேன், யாரிடமும் டிக்கெட் கேட்க வேண்டாமே என்று. ஸ்பேனர் விழுந்ததைப் படித்ததும் உள்சட்டை வந்த டப்பாவைத் தேடி எடுத்தேன்.

உள்சட்டையைப் பிடித்துத் தைத்துவிடலாம். ஆனால் பக்கவாட்டில் ஒயர் போகிறதா என்று தெரியாமல் ஊசி போட முடியாது. டப்பாவில் கம்பெனி நம்பர் இருந்தது. புதன்கிழமை கடையின் பின்பக்கம் போய்ப் போன் அடித்தேன். இந்தியில் பேசினார்கள், வைத்துவிட்டேன். மறுபடி அடித்து, "தமிழ்" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் எழிலன் என்று ஒருவர் வந்தார்.

"சொல்லுங்க மேடம்."

"சைடுல ஒயர் இருக்குதாங்க?"

"எந்த சைடு மேடம்?"

"ரெண்டு பக்கமும். பிடிச்சுத் தைக்கணும்."

"இத யாரும் கேட்டதே இல்லீங்களே. லைன்ல இருங்க, வச்சிராதீங்க."

ஒன்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். நான் வைக்கவில்லை. தாமரைச்செல்வி அக்கா எட்டிப் பார்த்து, "யாருகிட்டடி பேசுற, நீயா?" என்றார்கள்.

எழிலன் சொன்னது இது. சூடாகும் ஒயர் நெஞ்சில் இரண்டு இடம், முதுகில் ஒன்று, காலரில் ஒன்று. பக்கவாட்டில் இல்லை. இடது பக்கம் அடியில் மட்டும் பைக்கில் செருகும் ஒயர் வெளியே வருகிறது, அங்கே நான்கு அங்குலம் தொடக்கூடாது.

பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் உள்ளே மடித்து, கைத்தையல் போடு, ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடு. ஊசி, மெழுகு நூல், சாக்கட்டி வைத்திருக்கிறேன். விரல் வராவிட்டால் ஸ்டான்சினிடம் கொடு. மெல்லிய பனியன், அதற்கு மேலே இது, அதற்கு மேலே ஸ்வெட்டர், காற்றுப் புகாத ஜாக்கெட் கடைசியில். அம்மா சொன்னதற்கு நேர் தலைகீழ். கரண்ட் கொஞ்சம்தான், தொட்டாலும் ஒன்றும் செய்யாது என்று எழிலன் சொன்னார், உனக்கு அது என்னைவிடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அளவு தப்பு என்று. "அப்பவே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றாள்.

எங்கே மடிக்க வேண்டும் என்று உனக்குத் தெரிய ஓர் அளவுத் துணி வேண்டும். காகிதம் வழியில் கசங்கிவிடும். ஆணியிலிருந்து உன் நீலச் சட்டையை எடுத்துத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் வெட்டி, மடிக்கும் கோட்டைச் சிவப்பு நூலில் ஓட்டி, இதோடு வைத்திருக்கிறேன்.

வினிதா