காகங்கள் தேடி வந்தது

அண்ணை,

இன்று மத்தியானம் எங்கள் குசினியில் கருவாடு பொரிந்தது. இரண்டு வருடங்களுக்குப் பிறகு. மணம் இன்னும் திரைச்சீலையில் நிற்கிறது. உங்கள் வீட்டுப் பக்க யன்னல்களை நானே திறந்துவிட்டேன். போய்ச் சேர வேண்டிய மூக்குத்தான் அங்கே இல்லை.

ஜேர்மனிக்கு வந்து கெல்சென்கிர்ச்சனில் நாம் வாங்கிய, ஒட்டிக் கட்டிய நம் இரண்டு வீடுகளுக்கும் பின்னால் வேலியில்லாத ஒரே புல்தரை. இரண்டு வருடம் முன்பு புல் திட்டுத் திட்டாகச் செத்து, காகங்கள் அங்கே கொத்திக் கிளறியபோது இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். நீங்கள் உடனே தீர்ப்புச் சொன்னீர்கள்.

“மாஸ்டர், காகம் சும்மா வராது. உங்கட மனிசி கருவாடு கழுவின உப்புத் தண்ணியை இதில ஊத்திறா.”

“அவ குசினித் தொட்டியில எல்லோ ஊத்திறவ, அண்ணை.”

சிரித்தீர்கள். அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கையில் அதையே பகிடியாக்கினீர்கள். ‘கருவாட்டு அக்கா’ என்று என் மனைவிக்குப் பெயர் விழுந்தது. அவள் கருவாட்டை விட்டாள். பிறகு பூசைக்குப் போவதையும் விட்டாள்.

இந்த வசந்தத்தில் நீங்கள் இறந்துபோனபோது அழுதேன். ஆனால் ஆவணியில் காகங்கள் மறுபடி வந்தன. வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு: அடுப்பை அணைத்த பிறகும் பானை கொதித்தால், நெருப்பு வேறெங்கோ இருக்கிறது. கருவாடே இல்லாத வீட்டில் காகத்துக்கு என்ன வேலை? செத்த புல்லைப் பிடித்து இழுத்தேன். உப்பில் கருகிய புல் என்றால் வேர் மண்ணை இலேசில் விடாது. இதுவோ பாய் சுருட்டுவதுபோல் வந்தது. வேர்களைத் தின்று கொழுத்த வெள்ளை வண்டுப் புழுக்கள் அடியில் சுருண்டு கிடந்தன. காகங்கள் தேடி வந்தது இவற்றைத்தான். உங்கள் பக்கத்தில்தான் அதிகம்.

அன்று சிரித்தவர்களை இன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

“செத்த மனிசனோட என்னப்பா வழக்கு?” என்றாள் அவள்.

“வழக்கில்லை. செய்துகாட்டிற பாடம்.”

எல்லோர் முன்னாலும் புல்லைச் சுருட்டிக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“அக்கா, நாங்களும் சேர்ந்து சிரிச்சனாங்கள். குறை நினையாதேங்கோ” என்றார் ஒருவர்.

“கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது” என்றாள்.

வரும் ஞாயிறு அவள் பூசைக்கு வருகிறாள். உங்கள் ஆன்மாவுக்காக வேண்டச் சொல்வார்கள், வேண்டுவேன். ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் மட்டும், அண்ணை, நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.