ருசி நோட்டு

4.11.1998, புதன்

"சாப்பாட்ட ருசி பாக்குற வார்டனம்மா இன்னாத்துக்கு டீச்சர் எங்க கூட குந்தி துன்றதில்ல?" என்று போன மாதம் செவ்வந்தி கேட்டாள். பத்தாம் வகுப்பு. வழக்கம்போல ஓர் உதாரணம் சொன்னேன். கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் நான் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்பேன் இல்லையா, அந்த மாதிரி என்றேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை.

ஓய்வுபெற்ற பிறகும் புதன்கிழமைதோறும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, மலைமேல் இருக்கும் இந்த விடுதிப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்துவருகிறேன். இன்று அவள் இடம் காலி.

சமையல்கார பெரியம்மாள்தான் சொன்னாள். சனிக்கிழமை சாம்பாரில் புழு. செவ்வந்தி தட்டைக் கொண்டுபோய் வார்டன் ஜெயம்மாளிடம் நீட்டி, "நீங்களே ருசி பாருங்க" என்றிருக்கிறாள். ஜெயம்மாள் அவளை நூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் நிற்க வைத்து, தட்டு காலியாகும்வரை தின்ன வைத்து, வாய்க்கு வாய் "ருசி நன்று" என்று சொல்ல வைத்திருக்கிறாள்.

"மூணு தபா வாந்தி எடுத்துச்சி டீச்சர். அப்பவும் வுடல."

மறுநாள் தகரப்பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம்.

ஜெயம்மாளே, உன்னையும் தின்ன வைக்கிறேன். அதே கூடத்தில், அதே பெண்கள் பார்க்க.

5.11.1998

கோபம் ஆறவில்லை. ஆற விடப் போவதும் இல்லை.

11.11.1998, புதன்

சமையற்கட்டில் ஆணியில் தொங்குகிறது ருசி நோட்டு. பரிமாறுவதற்கு முன் வார்டன் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று தேதி பதினொன்று. நோட்டில் பதினைந்தாம் தேதிவரை "ருசி நன்று – ஜெ." என்று எழுதியிருக்கிறது. நாளை வைக்கப்போகும் ரசம்கூட நன்றாம்! வழிமுறையே இல்லாமல் விடை மட்டும் எழுதுகிறவளுக்கு நான் எப்போது மதிப்பெண் போட்டிருக்கிறேன்?

மாலையில் செவ்வந்தி வீட்டுக்கு நடந்தேன். அவள் அப்பா சின்னக்கண்ணு கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டா, வுட்டுடுங்க டீச்சர். எனக்கும் ஆளு வேணும்."

பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்ப இந்த மாதம் முப்பது கடைசி என்றேன். செவ்வந்தி வாசலிலேயே நின்றாள்.

"வார்டனம்மா ஒரு வாய் துன்னட்டும். பொண்ணுங்க எல்லாம் பாக்கட்டும். அப்பறம் வரேன்."

என் மனதில் இருந்ததும் அதுதான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

13.11.1998

ஜெயம்மாள்மேல் மனு எழுதி, விடுதிகளைப் பார்க்கும் மாவட்ட அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். இருபத்தைந்தாம் தேதி வருகிறாராம். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

18.11.1998, புதன்

மனுவைப் பற்றி ஜெயம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். முகம் வெளுப்பதைப் பார்க்க வேண்டுமென்றுதான் போனேன். வெளுக்கவில்லை. பீரோவிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

"இது யாரு கையெழுத்து டீச்சர்?"

என்னுடையதுதான். 1987. அப்போது நான் இங்கே ஆசிரியை. வார்டன் விடுப்பில் போன மூன்று மாதம் பொறுப்பு என்னிடம் இருந்தது. "ருசி நன்று – அமிர்தம்." ஒரு மாதம் முழுக்க ஒரே மையில், ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. மழையில் பாதை அறுந்து அரிசி வராத இரண்டு நாள், பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு மட்டும் தின்றார்கள். அந்த நாட்களிலும் "சோறு, சாம்பார் – ருசி நன்று."

நான் என் அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாய்கூட – ஒரு நாள்கூட –

"மனுவ திருப்பி வாங்கிக்குங்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

22.11.1998

மனுவைத் திருப்பி வாங்கிவிட்டால்? செவ்வந்தி மரவள்ளி பிடுங்குவாள். ஜெயம்மாள் அடுத்த வாரத்து ரசத்துக்கும் இன்றே கையெழுத்துப் போடுவாள். முடியாது. அவள் விழும் குழியில் நானும் விழ வேண்டுமென்றால் விழுகிறேன். ஆனால் அவள் விழ வேண்டும்.

25.11.1998, புதன்

ஜெயம்மாளைப் பீரோவைத் திறக்க வைத்து, இரண்டு நோட்டையும் அதிகாரி மேசையில் வைத்தேன். என்னுடையது மேலே. என்ன நடவடிக்கை வேண்டும் என்று கேட்டார். "எல்லாப் பிள்ளைகளும் வாங்கின பிறகு, கடைசி வரிசையில், நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட வேண்டும். இப்போதே" என்றேன்.

அண்டாவின் அடி. தண்ணீர், காந்தல், வேகாத பருப்பு, மிதக்கும் இரண்டு வண்டு. ஜெயம்மாள் ஒரு வாய் வைத்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் எழுதக் கூடாது – பார்க்க எனக்கு இனித்தது.

"சொல்லுங்க, நன்றுதானே?" என்றேன். யாரும் கேட்கச் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியது. "சொல்லுங்க!" என்றேன் மறுபடியும்.

ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. பெரியம்மாள் என் கையைப் பிடித்தாள். "போதும், வுடுங்க டீச்சர்."

என் தட்டை நானும் முடித்தேன். பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

27.11.1998

செவ்வந்தி வீட்டுக்குப் போனேன். அவள் கேட்டது ஒன்றுதான். "துன்னாங்களா?"

"துன்னாங்க. நானும்."

"நீங்க எதுக்கு?"

பழைய நோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"எங்க சின்னம்மா அந்த வருசம் அங்கதான் படிச்சிச்சி" என்றாள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். தரவில்லை. பஸ் வரும்வரை தானே சுமந்தாள்.

30.11.1998

பொதுத்தேர்வுப் பட்டியலில் செவ்வந்தி பெயர் சேர்ந்துவிட்டது.

6.1.1999, புதன்

ஜெயம்மாளுக்கு மாற்றல் வரவில்லை, எச்சரிக்கை மட்டும்தான். எனக்கு அது போதவில்லை. அவளைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் புதன்தோறும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறோம். ருசி நோட்டு இப்போது கூடத்தில் தொங்குகிறது. நாளுக்கு ஒரு பெண் பரிமாறுகிறாள், அவளே எழுதுகிறாள். வார்டன் கீழே கையெழுத்துப் போடுகிறாள்.

இன்று செவ்வந்தியின் முறை. ஜெயம்மாளுக்கு ஊற்றிவிட்டு என்னிடம் வந்தாள். கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டு, காந்தலோடு அள்ளி ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று தட்டை நீட்டினேன்.

போட்டாள்.

சாப்பிட்டு முடித்துப் போய் நோட்டைப் பார்த்தேன். "உப்பு கம்மி. கத்திரிக்காய் வேகவில்லை. வார்டனும் அமிர்தம் டீச்சரும் முழுவதும் சாப்பிட்டார்கள். – செவ்வந்தி."

எனக்குப் பிறகு இந்தக் குறிப்பை யார் எடுத்துப் படித்தாலும் ஒன்று செய்யுங்கள். பிறருக்குப் போடும் சாப்பாடு நன்று என்று எழுதுவதற்கு முன், எல்லோருக்கும் கடைசியாக உட்கார்ந்து, ஒரு தட்டு முழுவதும் சாப்பிட்டுப் பாருங்கள்.