சனிக்கிழமை எழுத்து

வியாழக்கிழமை, தின்கன்ஜூன் பேட்டை, பர்மா. மின்சாரம் இல்லை.

நான் பர்மியில் மொழிபெயர்த்த மால்டா நாவலுக்கு இன்று அட்டை தயாரானது. எழுதியவர் அங்கே மந்திரியாக இருந்தவர். தேர்தலில் தோற்றதும் ஊரில் ஒருவரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம். கதையும் அதுதான். தோற்ற மந்திரி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "அவர் அப்போதே வந்துவிட்டாரே" என்கிறாள் மனைவி.

அட்டையில் ஆசிரியர் பெயர் தொனினு என்பது மொனினு என்று இருந்தது. அச்சகக்காரர் உ ராஜுவிடம் (இங்கே ஆணுக்கு 'உ', பெண்ணுக்கு 'மா' என்று மரியாதை) கேட்டேன்.

"'த' சனிக்கிழமை எழுத்து, மா தனம். இங்க பேரோட மொத எழுத்த வெச்சே பொறந்த கிழமைய சொல்லிடுவாங்க. அரசியல்ல இருந்த மனுசனுக்குச் சனி எதுக்கு? 'ம' போட்டா வியாழன் ஆயிடும்."

"வேற ஆளாவும் ஆயிடுவாரே."

"மால்டாவுலருந்து யாரு வந்து கேக்கப் போறா?"

சண்டை போட அலுப்பாக இருந்தது. சம்மதித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா என்னிடம் மட்டும்தான் தமிழ் பேசுவாள். இன்று உள்ளிருந்து பர்மியில் யாரென்று கேட்டாள். தனம் என்றேன்.

"தனம் அப்போதே வந்துவிட்டாளே" என்றாள், அதையும் பர்மியில்.

அந்தக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

பிறகு திறந்தாள். டார்ச்சை என் முகத்தில் அடித்து வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

காலையில் முதல் வேலையாக அந்தத் 'த'வைத் திரும்பப் போடச் சொல்ல வேண்டும். என் பெயருக்கும் அதுதான் முதல் எழுத்து.

பக்கத்து அறையில் அம்மா மெதுவாகத் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறாள்.