துணி பிரித்து எத்தனை மணி நேரம்?

அண்ணாச்சி,

இன்று காலை எட்டு மணிக்குப் புது கட்டிங் மெஷின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. துணி விவரம் அடிப்பது கிடங்குக்காரனான என் வேலை. எந்த மாடல், எந்தத் துணி என்று அடித்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓட வேண்டியதுதானே? ஓடவில்லை. ரோலைப் பிரித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று திரையில் கேட்டுவிட்டு நின்றுகொண்டது. எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்தில் நின்ற பீகார் ஆபரேட்டர், இந்த ஆளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது போல என்று நினைத்திருப்பார். நான் உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து இந்தப் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டேன். "இந்த ஊர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க. நானென்ன பருப்பா விக்கறனுங்க?" என்று கேட்டீர்கள். எனக்கு வேறு எப்படிக் கூப்பிடத் தெரியும்? நீங்கள் கட்டிங் பகுதிக்குப் பொறுப்பு, நான் துணிக் கிடங்குக்குப் பொறுப்பு. நடுவில் ஒரு தகரக் கதவு. எட்டு வருஷம் அந்தக் கதவைத் தாண்டியே பேசித் தீர்த்தோம்.

முதல் மெஷின் வந்த நாள் நினைவிருக்கிறது. லாரியிலிருந்து இறக்கும்போது, வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல அதை "வாங்க, வாங்க" என்றீர்கள். மற்றவர்களெல்லாம் வேலை போய்விடுமோ என்று முகம் வாடி நிற்க, நீங்கள் மட்டும் அதன் அடியில் படுத்து எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பத்துப் பேர் இரண்டு நாள் வெட்டுவதை அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வெட்டிப் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நீங்களோ, "மிச்சமான ஒன்றரை நாள் எங்கீங்க போச்சு?" என்று கேட்டீர்கள். அடுத்த மாதமே ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஷிப்மெண்ட் தேதியை முன்னால் இழுத்துக்கொண்டபோது, "அங்க போயிருச்சுங்க" என்று சிரித்தீர்கள்.

வெட்டும் அளவு வரைந்த பேட்டர்ன் அட்டைகளின் பின்பக்கம் நீங்கள் எழுதி வைத்தவை இன்னும் அலமாரியில் இருக்கின்றன. துணியில் ஓட்டை இருந்தால் தானே கண்டுபிடிக்கும் மெஷின். ஆளே இல்லாமல் தைக்கும் கம்பெனி. உடம்பை அளந்த நிமிஷமே சட்டை துப்பும் பெட்டி. ஒவ்வொன்றின் கீழேயும் 'அப்புறம்?' என்று எழுதுவீர்கள். பயத்தில் கேட்டதில்லை. தொடர்கதையை அடுத்த வாரம்வரை காத்திருந்து படிக்கிறவரின் அவசரம் அது. எனக்கு உங்கள் மேல் எரிச்சல்கூட வந்ததுண்டு. நம் பிழைப்பைப் பிடுங்கப் போவதைப் பற்றி இத்தனை சந்தோஷமாகப் பேச ஒரு மனிதருக்கு எப்படி முடிகிறது?

இனி, நான் உங்களிடம் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பனியன் துணி ரோலில் இழுபட்டேதான் வரும். பிரித்துத் தளரப் போட்டால் ஒரு நாள் முழுக்க மெல்லச் சுருங்கித் தன் சொந்த அளவுக்குத் திரும்பும். அதற்கு முன்னால் வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்று கதவைத் தாண்டி, "பிரிச்சு ஒரு நாள் ஆச்சுங்களா?" என்று கேட்டீர்கள். காலையில்தான் பிரித்திருந்தேன். முந்தின நாளே பிரிக்கச் சொல்லியும் மறந்துபோயிருந்தேன். "நேத்தே பிரிச்சாச்சு அண்ணாச்சி" என்றேன். நீங்கள் மறுபேச்சு பேசாமல் மெஷினை ஓட்டினீர்கள்.

கையால் வெட்டியிருந்தால் நாலு அடுக்கு வெட்டும்போதே துணி சுருங்குவது தெரிந்திருக்கும். மெஷின் சாப்பாட்டு மணிக்குள் ஆர்டர் முழுவதையும் வெட்டி முடித்துவிட்டது. தைத்து வந்த சட்டைகள் எல்லாம் இரண்டு விரல்கடை குட்டை. முதலாளி கத்தினார். "அவசரப்பட்டுட்டனுங்க" என்று தலை குனிந்து நின்றீர்கள். உங்களைப் பேக்கிங்குக்கு மாற்றி, மெஷின் பக்கமே போகக்கூடாது என்றார் அவர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, வேறொருவர் அதை ஓட்டுவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் உங்களிடம் ஒப்புக்கொண்டேன். "அண்ணாச்சி, அன்னைக்குக் காலையிலதான் பிரிச்சேன்" என்றேன். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டீர்கள். "மனுசன் கேட்டான், பொய் சொல்லீட்டீங்க. செரி. நாளைக்கு மெசினே கேட்டா?" என்றீர்கள்.

"தெரியல அண்ணாச்சி."

"எனக்கும் தெரியலீங்க. ஆனா பாக்கோணுமுங்க."

நிஜமாகவே அறிந்துகொள்ள ஆசைப்பட்டீர்கள். அதில் குத்தல் இல்லை. அதுதான் என்னை இத்தனை வருஷம் குத்தியது. முதலாளியிடமும் கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை. போன ஆடியில் காய்ச்சலில் படுத்தவர், மெஷின் கேட்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இன்று அது கேட்டே விட்டது. எங்கோ ஒரு தூரதேசத்தில் என்னைப் போல ஒருவன் பொய் சொல்லி, உங்களைப் போல ஒருவர் தலை குனிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி மெஷினுக்குள் எப்படிப் போயிருக்கும்? ரோலை நேற்று மாலை ஆறு மணிக்குப் பிரித்தேன். பதினாலு மணி நேரம். ஆபரேட்டர் எட்டிப் பார்த்து, "இருபத்துநாலு அடிங்க சார். மெசின் ஒத்துக்கும்" என்றார். சனிக்கிழமை கண்டெய்னர் கிளம்ப வேண்டும். மெஷினுக்கு என் முகம் தெரியாது. குரல் தடுமாறுவதும் தெரியாது. மனிதரிடம் சொன்னதைவிட இதனிடம் சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? என் விரல் இரண்டு என்ற எண்ணின் மேல் போய் நின்றது.

ஒன்று, நான்கு என்று அடித்தேன். இன்னும் பத்து மணி நேரம் என்று காட்டிவிட்டு அது ஓய்ந்து நின்றது.

முதலாளிக்குப் போன் போட்டேன். தாமதத்தைச் சொன்னதும், "ஏனுங்க, ஒரு நாள் முந்திப் பிரிக்கறதுக்கு என்னங்க?" என்று எரிந்து விழுந்தார். "என் தப்புதான்யா" என்றேன். அதோடு வைத்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அன்னைக்கு அந்தக் குட்டைச் சட்டையும் என் தப்புதான். காலையில பிரிச்சுட்டு நேத்துன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன்."

"அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார். பிறகு, "இத்தன வருஷங் கழிச்சு இப்ப எதுக்குங்க சொல்றீங்க?" என்றார்.

"பத்து மணி நேரம் கெடைச்சிருக்குய்யா" என்றேன்.

அதில் மிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். கட்டிங் மேசையில், உங்கள் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில். மெஷின் கேட்டால் என்ன சொல்வேன் என்று கேட்டீர்களே, இந்த ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அடுத்த தடவைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. மெஷின் இருக்கும் அறைக்குள் உங்களை மறுபடி கூட்டிப்போக வழியில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எப்போதும் கீழே எழுதுவதை நானே எழுதிவிடுகிறேன்.

அப்புறம்?