பந்தலுக்கு மேல் ஒரு விமானம்

8.1.2009
திராட்சைக் கொத்துகளில் நிறம் ஏற ஆரம்பித்துவிட்டது. கிளிகளுக்கும் தெரிந்துவிட்டது. தகரம் தட்டினேன், வெடி போட்டேன். புகை அடங்கும் முன்பே திரும்பி வந்து உட்காருகின்றன.

என் அண்ணன் ராக்கப்பன் வரப்பில் நின்று சொன்னார்: "ஏலே செல்வமணி, போன வெட்டும் கிளிக்குத்தான் போச்சு. இதுவும் போனா பந்தலப் பிரிச்சுட்டுத் தென்னைய வைப்போம். பாதி நெலம் என்னோடது, சொல்லிட்டேன்."

இந்தப் பந்தலின் ஒவ்வொரு கல்தூணும் நான் நட்டது.

11.1
கம்பம் இன்டர்நெட் சென்டரில் பார்த்தேன். வெளிநாட்டில் ஒருவர் ரிமோட் விமானம் விட்டுத் தோட்டத்தில் பறவை விரட்டுகிறார். எனக்கு ஓட்டத் தெரியாது. டிராக்டர் ஓட்ட மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

13.1
ரிமோட் விமானம் விற்கும் சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். "முதல் விமானமா சார்? இறக்கை மேல இருக்குற, மெதுவாப் போற டிரெயினர் விமானம் வாங்குங்க. கைய விட்டாலும் தானா நிமிரும்" என்றார்.

இன்டர்நெட்டில் பார்த்த படத்தில் அது கொக்கு மாதிரி இருக்கிறது. கொக்குக்குக் கிளி பயப்படுமா? கூர்மூக்குச் சண்டை விமானத்தை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

"கடைக்காரக வேணாம்னு சொன்னாகளா இல்லையா?" என்று கேட்டாள் நதியா. என் பெண்டாட்டிக்கு எதிலும் சந்தேகம்.

24.1
தேனி போய்ப் பார்சல் எடுத்து வந்தேன். பறந்தது நாலு விநாடி. நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடுகிறது — யாரும் சொல்லவில்லையே. கல்தூணில் மோதி மூக்கு போனது. கிளிகள் எழுந்திருக்கக்கூட இல்லை.

29.1
ஒட்டினேன். விட்டேன். பந்தல் கம்பியில் சிக்கி இறக்கை பிய்ந்தது. எங்கன கொண்டுபோய் இறக்குறது? நாலு பக்கமும் பந்தல். என்னத்தச் செய்வேன் நான்? நதியா முன்னால் அழுதுவிட்டேன். அவள் பிய்ந்த இறக்கையைப் பொறுக்கி எடுத்தாள். 'அப்பவே சொன்னேனே' என்றாவது சொல்லியிருக்கலாம்.

2.2
டிரெயினருக்குச் சொல்லியாயிற்று. பத்து நாள் ஆகுமாம்.

6.2
மேற்கு வரிசை முழுக்க வெறும் காம்பு.

13.2
டிரெயினர் வந்தது. திராட்சை வாங்கும் வியாபாரியும் வந்தார். பந்தலுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு, "வெட்டுறதுக்கு என்ன தம்பி இருக்கு?" என்றார். விமானப் பெட்டியை நான் பிரிக்கவில்லை.

6.4
கல்தூண்களைக் கிழக்கு வேலி ஓரம் அடுக்கிவிட்டார்கள். அண்ணன் தென்னங்குழிக்குக் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நதியா பெட்டியோடு வந்தாள். "சும்மாதான கெடக்கு, விட்டுப் பாருங்க." அவளே விமானத்தைக் காற்றில் தூக்கி எறிந்தாள். தடுமாறியதும் ரிமோட்டிலிருந்து கையை எடுத்தேன். கடைக்காரர் சொன்னது போலத் தானாக நிமிர்ந்தது. ஏழு நிமிடம் பறந்தது. பந்தல் இருந்த இடத்திலேயே இறக்கினேன், இடிக்க ஒன்றுமில்லை.

வானத்தில் ஒரு கிளிகூட இல்லை.