கட்டை விரல் பக்கம் வழி இருக்குது

இன்று காலை உன் போனை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குக் கொண்டு போனேன். சார்ஜ் நிற்கவில்லை. கடைக்காரத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு ஊசியைக் கையில் எடுத்தான். "அக்கா, ஸ்பீக்கர் ஓட்டையெல்லாம் வெள்ளை மண்ணு அடைச்சிக்கிட்டு இருக்குது. சுத்தம் பண்ணித் தரேன், காசு வேணாம்" என்றான். "கைய வெச்சுப் பாரு, தெரியும்" என்றேன். பாவம், பயந்துவிட்டான். செராமிக் கம்பெனியில் நீ அச்சில் ஊற்றிய களிமண் கூழ் அது. ஈரக் கையோடு போனை எடுக்காதே என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன், கேட்டாயா? மூக்கருகே வைத்தால் இன்னமும் ஈர மண் வாசனை வருகிறது. வரவில்லை என்று எவனாவது சொன்னால் அவனுக்கு மூக்கு சரியில்லை. பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், வீட்டுக்குள் 'நீ' என்பேன். இந்த மடலை ஊரே கூடிப் படித்தாலும் சரி, இனிமேல் 'நீ'தான்.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. உன் கருமாதியில் நான் செய்ததை இந்தத் தெரு இன்னும் மென்றுகொண்டிருக்கிறது. 'புருஷன் கருமாதியில கராத்தே போட்டவ' என்று எனக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். நான் கராத்தே போடவில்லை. அது என்ன என்று உனக்கு ஒருவனுக்குத்தான் புரியும். அன்றோடு உன் அக்காவுக்கும் எனக்கும் பேச்சு நின்று போனது. நேற்று உன் தெவசத்துக்கு அவரே வந்தார். வந்து என்ன கேட்டார் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் என் தோளிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

ஞாபகம் இருக்கிறதா, என் வலது தோள் இறுகிப் போய், தலை பின்னக் கையைத் தூக்க முடியாமல் கிடந்தேனே? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர், கொண்டை போட முடியாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். வருஷக்கணக்கில் காற்றைக் குத்திக் குத்திச் சேர்த்த சொத்து அது. டாக்டர், குத்துவதை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினால் நான் யார்? நீ சீப்பை எடுத்து எனக்குப் பின்னிவிட்டாய். கோணலும் மாணலுமாக ஒரு பின்னல். அதோடு கிளாஸுக்குப் போனேன், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு நாள் போனை நீட்டினாய். "மாஸ்டரு, உன் தோளுக்கு வைத்தியம் புடிச்சிட்டேன், பாரு."

நரைத்த தாடிக்காரர் ஒருவர். எந்த நாடோ, யாருக்குத் தெரியும். கையில் எலும்பே இல்லாதவர்போல் வீசினார். தோளைத் தொங்கவிட்டு, இடுப்பைத் திருப்ப, கை பின்னாலேயே தானாக வந்தது. யாரோ ஒருவர் அவரைக் குத்த வருகிறார், இவர் தடுக்கவே இல்லை. கூடவே போய், வேறு பக்கம் அனுப்பிவிட்டுச் சும்மா நிற்கிறார். ஒவ்வொரு அசைவும் அவ்வளவு மெதுவாக இருந்தது. குரலும் இழு இழுவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "என்னய்யா இவரு இப்படிப் பேசுறாரு?" என்று கேட்டேன். "ஸ்பீக்கர்ல மண்ணு" என்றாய். நானும் நம்பினேன்.

மொட்டை மாடியில் போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்துவைத்து, விடிந்ததும் தொடங்குவோம். நீ கம்பெனிக்குக் கிளம்பும்வரை. எனக்குக் கால் வைப்பது பிரமாதமாக வரும், தோள்தான் வராது. "ரிலாக்ஸ்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரிலாக்ஸ் செய்வேன். உனக்குத் தோள் வெண்ணெயாக இறங்கும், ஆனால் இடது எது வலது எது என்று கடைசிவரை தெரியவில்லை. எத்தனை தடவை என் காலை மிதித்தாய்! "சூளையில வேகாத சாமானைப் பலகையோட தூக்கிட்டு நடக்கற மாதிரி நட. தோளை இறுக்குனா ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும்" என்பாய். பலகையைத் தூக்கியவனுக்கல்லவா அது தெரியும், எனக்கு எங்கே? "உன் பலகையைத் தூக்கிக்கிட்டுப் போய்யா" என்று திட்டுவேன்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் நம்மைப் பார்த்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாததுகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டது உன் காதிலும்தான் விழுந்தது. நீ அவர்களைப் பார்த்து, "வாங்கக்கா, நீங்களும் கைய வீசுங்க" என்று கூப்பிட்டாய். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது என்று ஒரு வீடியோ. கராத்தேயில் நான் அதைப் பிள்ளைகளுக்கு வெடுக்கென்று இழுக்கச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். நீ பிடிப்பாய், நான் இழுப்பேன், நீ இன்னும் இறுக்குவாய். அச்சைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன கையாயிற்றே, வருமா? "இழுக்காத மாஸ்டரு. நீ இழுத்தாதான் எனக்கு இறுக்கத் தோணுது. கைய எங்கிட்ட குடுத்துடு. அப்புறம் பாரு, கட்டை விரல் பக்கம் வழி இருக்குது." கொடுத்துப் பார்த்தேன். முழங்கையை உன் பக்கமே விட்டேன். கட்டை விரலும் மற்ற விரலும் சேரும் இடத்தில் மணிக்கட்டு திரும்பி, சோப்புபோல் நழுவி வந்தது. நான் மாடியில் ஒரு குதி குதித்தேன். அன்றைக்கு என் கொண்டையை நானே போட்டேன்.

பிறகு என் மாணவி ஒருத்தி தன் போனில் அதே வீடியோவைப் போட்டுக் காட்டினாளே, அந்தக் கூத்தை எங்கே சொல்ல? தாடிக்காரர் காற்றாய்ப் பறக்கிறார்! குரல் கணீரென்று இருக்கிறது! எப்போதோ உன் மண் விரல் பட்டு நம் போனில் வீடியோ பாதி வேகத்துக்கு மாறியிருக்கிறது. மாசக்கணக்கில் நாம் அந்தப் பாதி வேகத்தைத்தான் வித்தை என்று பயின்றிருக்கிறோம். வீட்டுக்கு வந்து சொன்னேன். இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சரியான வேகத்தில் மாற்றட்டுமா என்றேன். "வேணாம். நமக்கு வந்தது இதுதான். வேகமாச் செய்யறதுக்கு ஊர்ல வேற ஆளு இருக்குது" என்றாய்.

அப்புறம் ஒரு நாள் கம்பெனி வாசல் டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கினவன், அதைக் குடிக்காமலே சரிந்துவிட்டாய். மாரடைப்பு என்றார்கள். தோளை அவ்வளவு லேசாக வைத்திருந்தவனுக்கு நெஞ்சு மட்டும் எப்படி அடைத்தது? எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான். அழுகையும் கோபமும் ஒன்றாகத்தான் வருகிறது, பிரிக்கத் தெரியவில்லை.

கருமாதி அன்று என்னை மணையில் உட்கார வைத்தார்கள். மஞ்சள், பூ, பொட்டு, கை நிறைய வளையல். எல்லாம் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் எடுப்பதற்கு. நம் கல்யாணத்தன்று போட்டதோடு சரி, நான் கண்ணாடி வளையலே போட்டதில்லை. கிளாஸுக்கு வரும் பிள்ளைகளையும் கழற்றி வைக்கச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, உடைப்பதற்கென்றே தன் ஊர் பெண்ணாடத்திலிருந்து ஒரு பெட்டி வளையல் வாங்கி வந்திருந்தார் உன் அக்கா. நான் ஏன் கையை நீட்டினேன் என்று கேட்காதே. அன்று எனக்குப் புத்தி புத்தியாக இல்லை. விஷத்தை ஊட்டியிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கரும்புக் கட்டுத் தூக்கிய கை. பக்கத்தில் கிடந்த அம்மிக்கல்லை நோக்கி என் கையைத் திருப்பினார். அப்போதுதான் எனக்கு விழிப்பு வந்தது. என்ன அநியாயம் இது? நீ செத்ததற்கு என் கை என்ன செய்தது? என் முஷ்டி உருண்டது. அந்த நொடியில் அவர் மூக்கை உடைத்திருப்பேன், மறைக்க என்ன இருக்கிறது. நான் இறுக்க, அவர் இன்னும் இறுக்கினார். உன் குரல் எனக்குக் கேட்டது என்று எழுதினால் அது பொய். ஒப்பாரிச் சத்தம்தான் கேட்டது. ஆனால் என் தோள் இறங்கியது.

கையை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் தடுமாறினார். முழங்கை அவர் பக்கம் போனது, மணிக்கட்டு திரும்பியது, வெளியே வந்துவிட்டது. நாம் பழகிய அதே வேகத்தில், மெதுவாக. ஒரு வளையல்கூட உடையவில்லை, அவருக்கும் ஒரு கீறல் இல்லை. திகைத்துப் போய் மறுபடி பிடித்தார். மறுபடி வந்தது. ஒப்பாரி நின்றுவிட்டது.

"வேணாங்க அண்ணி. அவரு கட்டுன தாலிய நானே கழட்டி வெச்சிக்கிறேன். கை என்னுது" என்றேன்.

"அடிப் பாவி, எந்தம்பிக்கு நல்ல கதி கெடைக்காதுடி!"

"எங்கைய ஒடைச்சிதான் அவருக்குக் கதி கெடைக்கணும்னா, அப்படி ஒரு கதி அவருக்கு வேணாங்க. கேட்டா அவரே சொல்வாரு."

உன் அக்கா சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விதவிதமாகப் பேசினார்கள். சில அம்மாக்கள் பிள்ளைகளைக் கிளாஸை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தட்டும். வேறு சில அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாங்களே வந்தார்கள். அந்த வளையல்களை நான் கழற்றவே இல்லை. இப்போது கிளாஸில் சட்டமே வேறு. "பெரியவங்க யாரும் வளையலக் கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே கைய எடுங்க. ஒடைஞ்சா நீங்க இறுக்கமா இருக்கீங்கன்னு அர்த்தம்" என்கிறேன். கையைக் கிழித்துவிடாதா என்று ஒருத்தியின் புருஷன் சண்டைக்கு வந்தார். இத்தனை நாளும் கருமாதியில் கிழித்ததற்கு யாரும் சண்டைக்கு வரவில்லையே என்றேன்.

நேற்று உன் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்த பிறகு, உன் அக்கா கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் என் கை வளையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, அன்னிக்கு எங்கையிலேருந்து எப்படிடி எடுத்த?"

"ஏங்க அண்ணி, மறுபடி புடிக்கப் போறீங்களா?"

"இல்லடி. எங்கையப் புடி."

நீட்டினார். வளையல் இல்லாத மொட்டைக் கை. மணிக்கட்டில் நீளமாக அந்தத் தழும்பு, உனக்குத் தெரியுமே. கரும்பு வெட்டும்போது சோகை கிழித்தது என்று உன்னிடம் சொல்லியிருந்தாரே, அது. நீயும் போகிறவரை அப்படித்தான் நம்பினாய். சோகை இல்லையாம். தன் புருஷன், உன் மாமா, செத்த கருமாதியில் நாலு பேர் பிடித்து வளையலை உடைத்தபோது கிழித்ததாம். "நான் இழுத்தேன்டி. இழுக்க இழுக்கப் புடிச்சாங்க. இழுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு, உனக்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார்.

நான் பிடித்தேன். இறுக்கித்தான் பிடித்தேன், ஏமாற்றவில்லை. "எங்கிட்ட குடுத்துடுங்க அண்ணி. தோள விடுங்க." முதலில் வரவில்லை. பிறகு வந்தது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ புதிதாகக் கொடுத்ததுபோல. இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். பொழுது சாயும்வரை பிடிக்கச் சொன்னார்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: அவர் தெருவில் ஒரு சின்னப் பெண். புருஷன் லாரி ஓட்டியவன், வேப்பூர் ரோட்டில் விபத்தில் போய்விட்டான். இந்த வாரக் கடைசியில் கருமாதி. "என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க, வளையல் ஒடைக்க" என்றார். "அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு நீ இதச் சொல்லிக் குடுத்துடுறியா?"

"ஊர்ல உங்களத்தான் வெச்சுப் பேசுவாங்க அண்ணி."

"பேசட்டும்டி. அவ கைய வந்து புடிக்கப் போறதே நான்தானே. எடுத்துக்கடி கண்ணுன்னு சொல்லிட்டுப் புடிக்கிறேன்."

இருக்கிறது இன்னும் உன்னிடம் சொல்ல. வந்து சொல்கிறேன். ராத்திரி இங்கேயே தங்கிய உன் அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்காக நிற்கிறார், பெண்ணாடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். போயிட்டு வரேன்.