பூட்டப்பன் ஏன் விழ மாட்டேன் என்கிறான்?

என் அன்பு மச்சான் ஜெபா,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அழுகை ஒரு காரணம், கோபம் ஒரு காரணம். அழுகை இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கோபம் அப்படியே இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குரோம்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், நாம் இரண்டு பேர். நீ வரைவாய், நான் கோட் எழுதுவேன். சிட்டு என்ற சிறுமியைத் தாவவிட்டு ஓடவிட்டு இரண்டு பாகம் வீடியோ கேம் செய்தோம். ஒவ்வொரு லெவல் முடிவிலும் ஒரு பெரிய கேட்; அதன் முன்னால் சாவிக்கொத்தும் தொப்பையுமாக நம் வில்லன் பூட்டப்பன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடது காதைச் சொறிந்துகொண்டே "முடியாது, போ" என்பான். தலையில் மூன்று முறை குதித்தால் மல்லாக்க விழுவான், கேட் திறக்கும். அடுத்த லெவலில் ஒன்றும் நடக்காதது போல மறுபடி வந்து நிற்பான். பிள்ளைகளுக்குச் சிட்டுவை விட அவனைத்தான் பிடித்திருந்தது.

மூன்றாம் பாகத்தோடு கதை முடிய வேண்டும். அந்தக் கடைசி கேட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். மாரடைப்புக்கு நேரம் காலம் கிடையாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வைத்திருக்கலாம் இல்லையா? எழுதி வை, எழுதி வை என்று எத்தனை தடவை சொன்னேன்! "எல்லாம் மண்டைல இருக்கு மச்சான்" என்பாய். இப்போது அந்த மண்டைக்கு நான் எங்கே போவேன்?

உன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். 'கடைசி கேட்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே பூட்டப்பன் நடக்கிறான், படி ஏறுகிறான், தண்ணீர் குடிக்கிறான், ஓடுகிறான். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு தாவ வேறு செய்கிறான். விழுகிற மாதிரி ஒரு படம் கூட இல்லை. கேட்டில் நிற்கிற ஆளுக்கு எதற்குடா ஓட்டமும் தாவலும்? கண்டதையும் வரையத் தெரிந்த உனக்கு, வேண்டியதை வரையத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கேமை வெளியிடுகிறவர்கள் வாரம் தவறாமல் போன் செய்கிறார்கள். "வில்லன் விழணும் சார். கடைசில பெருசா விழணும். இல்லாம எப்படி முடிப்பீங்க?" பழைய பாகத்தில் விழுந்த படத்தையே பெரிதாக்கிப் போடச் சொல்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் மூன்றாம் பாகமே வேண்டாமாம். அப்படி ஆனால் நீ கடைசியாக வரைந்த எதையும் ஒருவரும் பார்க்கப் போவதில்லை. அந்த பயத்தில் பழைய படத்தைப் போட்டும் பார்த்தேன், மச்சான். விழுந்தான். பார்க்கச் சகிக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு சிட்லபாக்கத்தில் உன் வீட்டில் நினைவு ஜெபம். பாஸ்டர் உன்னை "சாந்த குணமுள்ள சகோதரன்" என்றார். சிரித்துவிடுவேனோ என்று பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். ஜெபம் முடிந்து டீ கொடுக்கும்போது உன் மனைவி ஷீலா கேட்டாள்.

"கேம் எப்பண்ணா வரும்?"

"எங்கேம்மா வரும்? பூட்டப்பனை எப்படி விழவைக்கணும்னு உன் வீட்டுக்காரன் சொல்லாமலே போயிட்டானே!"

எரிச்சலில் நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காதைச் சொறிந்திருக்கிறேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அண்ணா, பூட்டப்பன் யாருன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"உங்க பழைய அபார்ட்மென்ட் வாட்ச்மேன்தானே? ஜெபா அப்படித்தான் சொன்னான்."

"வாட்ச்மேனா? வீட்டுக்கு வந்ததும் உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டுவாருண்ணா. இன்னைக்கு என்ன கேட்டேன், செந்தில் எப்படி முடியாதுன்னான்னு. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உனக்கு எவ்வளவு கொழுப்பு இருந்திருக்க வேண்டும்! ஊர்ப்பட்ட பிள்ளைகளை என் தலைமேல் குதிக்கவிட்டிருக்கிறாய். எத்தனை முறை குதித்தால் எப்படி விழ வேண்டும் என்று கோட் எழுதிக் கொடுத்தவனும் நானே. டீ அப்படியே ஆறிப்போனது. யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

சானடோரியம் ஸ்டேஷன் வரை உன்னைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். நான் என்ன அப்படியா? சிட்டுவின் ஊரில் மழை பெய்யட்டும் என்றாய். கேம் ஆடுகிற போன் சூடாகும், முடியாது என்றேன். அவளுக்கு ஒரு நாய் கேட்டாய், முடியாது என்றேன். சொன்னதில் பாதி நியாயம், ஜெபா. மீதி என் சோம்பல். உன்னிடம் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

எதையும் வரைவதற்கு முன் நீ நடித்துக் காட்டுவாய், நான் போனில் எடுப்பேன், அதைப் பார்த்து வரைவாய். அதுதானே நம் வழக்கம்? நீ போவதற்கு முந்தின வாரம் எடுத்ததும் என் போனில்தான் இருந்தது. உன் குரலைக் கேட்கத் தெம்பில்லாமல் ஒரு வருடமாக அதைத் திறக்கவில்லை. ஊரப்பாக்கத்துக்கு, என் வீட்டுக்குப் போகிற ரயில் இரண்டை விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அதைப் போட்டேன்.

நம் அறை. கண்ணாடியை ஏற்றி, காதைச் சொறிந்து நிற்கிறாய். அச்சு அசல் நான்தான், சனியனே. பிறகு அறைச் சாவிக்கொத்தை மெதுவாகத் தரையில் வைக்கிறாய். கதவைத் தள்ளித் திறக்கிறாய். என் பக்கம் திரும்பி, "மச்சான், இவன் விழ வேணாம்டா. கேட்டைத் தொறந்துட்டு இவனும் சிட்டு கூடப் போகட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து..." என்கிறாய்.

அங்கே என் குரல். "முடியாது. எல்லா லெவலையும் மாத்தணும். வா, சாப்பிடப் போலாம்."

வீடியோ அதோடு நின்றுவிட்டது.

நீ சொல்லாமல் போகவில்லை. சொல்லியிருக்கிறாய். நான்தான் காதில் வாங்காமல் மறந்தும் போய்விட்டு, ஒரு வருடமாக ஊரெல்லாம் உன்னைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த ஓட்டமும் தாவலும் எதற்கென்று இப்போது தெரிகிறது. நான் முடியாது என்ற பிறகும் வரைந்திருக்கிறாய். எப்படியும் என்னைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தாயா? சரி, "ரெண்டு பேரும் சேர்ந்து" என்ன? எங்கே போவார்கள்? அந்த வாக்கியத்தை முடிக்க உன்னை விட்டிருக்கக் கூடாதா நான்?

இன்று காலை வெளியிடுகிறவர்களுக்குப் போன் செய்தேன். வில்லன் விழ மாட்டான், இன்னும் மூன்று மாதம் ஆகும் என்றேன். "முடியாது சார்" என்றார்கள். அடுத்தவன் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அந்த வார்த்தை எப்படி வலிக்கிறது என்று தெரிகிறது. அவர்கள் போடாவிட்டால் போகட்டும், நாமே போட்டுக்கொள்வோம் என்று போனை வைத்துவிட்டேன்.

என்ன வேலை வைத்திருக்கிறாய் தெரியுமா? அந்தத் தொப்பையன் சிட்டு தாவுகிற தூரத்தில் பாதிதான் தாவுவான். கடைசி கேட்டுக்கு அப்புறம் அவனுக்காக ஒரு லெவலே புதிதாகக் கட்ட வேண்டும். சாவியைக் கீழே வைக்கிற படத்தை நீ வரையவே இல்லை. உன் வீடியோ மேல் கோடு இழுத்து நானே வரையப் போகிறேன். கோணலாகத்தான் வரும், திட்டாதே. கேட்டைத் தாண்டிய பிறகு அவன் எப்படி இருப்பான் என்பதை நாளைக் காலையில் நான் நடிக்கிறேன்; ஷீலாவிடம் சொல்லிவிட்டேன், அவள் போனைப் பிடிக்கிறாள். என்னைப் போல நடிக்க எனக்கு என்ன கஷ்டம்?

ஒரு வாக்கு கொடுக்கிறேன். பூட்டப்பன் விழ மாட்டான். சாவியை வைத்துவிட்டு, கேட்டைத் திறந்து, சிட்டுவோடு நடப்பான். இந்த முறை வீடியோவைப் பாதியில் நிறுத்தச் சொல்ல மாட்டேன், சாப்பாட்டு நேரம் ஆனாலும்.

முடியாது என்று முனகிக்கொண்டே இதையும் செய்கிற,
உன் மச்சான்,
செந்தில்